தன்னாட்சி வேறு, தனியார் வேறு

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.எஸ்சி. வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். அவள் சொல்லும் கல்லூரியின் பலகையில் 'தன்னாட்சி' என்று இருக்கிறது. தனியார் கல்லூரி வேண்டாம் என்கிறார் என் கணவர். நிகர்நிலை என்பது வேறா? எம்.பில். முடித்தால் பேராசிரியர் ஆகலாமா?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: அம்மா, தன்னாட்சி என்றாலே தனியார் என்று அர்த்தம் இல்லை. இதை முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அரசுக் கலைக் கல்லூரி அலுவலகத்தில் 30 வருஷம் அட்மிஷன் பார்த்தவள் நான். சேர்க்கை நேரத்தில் தினமும் நாலு பேராவது இதே குழப்பத்தோடு வருவார்கள். உங்கள் மாவட்டத்துப் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி அரசுக் கல்லூரிதான், தன்னாட்சிக் கல்லூரியும்கூட. பாடத்திட்டம், தேர்வு, வினாத்தாள் எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டம் மட்டும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

நிகர்நிலை வேறு. 1956-ம் வருஷத்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3-வது பிரிவின்படி, பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதியை மத்திய அரசு கொடுக்கிறது. தஞ்சாவூர் சாஸ்த்ரா அப்படித்தான். பட்டத்தையும் தன் பெயரிலேயே கொடுக்கும்.

இந்த இரண்டிலும் சேராத இடங்களும் உண்டு. ஒருமுறை ஒரு பையன் எம்.ஏ. சேர வந்தான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அவன் நீட்டிய பட்டச் சான்றிதழில் தடித்த தாள், தங்க நிற ஓரம், பெரிய முத்திரை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. ஏதோ ஒரு 'இன்ஸ்டிடியூட்' தானே அச்சடித்துக் கொடுத்த பட்டம் அது. அதே சட்டத்தின் 22-வது பிரிவுப்படி அது செல்லாது. 3 வருஷப் படிப்பு. விண்ணப்பத்தை அவன் கையில் திருப்பிக் கொடுத்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. இன்றும் எனக்கு அந்த முகம் மறக்கவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். பி.எஸ்சி. 3 வருஷம், எம்.எஸ்சி. 2 வருஷம், அப்புறம் பிஎச்.டி. எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் நடுவில் இருந்த எம்.பில். படிப்பை யு.ஜி.சி. 2022-லேயே நிறுத்திவிட்டது. யாராவது எம்.பில். சேர்க்கை என்று கூப்பிட்டால் போகாதீர்கள். எம்.எஸ்சி.யில் 55 விழுக்காடு வாங்கி, நெட் (தேசிய அளவில்) அல்லது செட் (மாநில அளவில்) என்ற தகுதித் தேர்வில் தேறினால் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், அதே வளாகத்தில் அரசு உதவி இல்லாமல் கட்டணத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். கட்டணம் நிறைய வித்தியாசப்படும். எந்தப் பிரிவில் இடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று இரண்டையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.