ஏழே நாளில் குரைப்பு நிற்கும் என்று விற்ற காலர்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் வேலைக்குப் போனதும் எங்கள் நாய் விடாமல் குரைக்கிறது. பக்கத்து வீட்டாரின் புகார் தாங்காமல், ‘ஏழே நாளில் குரைப்பு நிற்கும், 100 சதவீத உத்தரவாதம்’ என்ற ஆன்லைன் விளம்பரத்தை நம்பி 3,499 ரூபாய்க்கு ஷாக் காலர் (நாய் குரைத்தால் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டை) வாங்கினேன். மூன்று வாரமாகியும் குரைப்பு நிற்கவில்லை, கழுத்தில் இரண்டு புண்தான் மிச்சம். ‘ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது’ என்கிறார் விற்பனையாளர். வழக்குப் போடலாமா?
– வாசகர், கோவை

பதில்: போடலாம். முதலில் காலரை இன்றே கழற்றிவிடுங்கள். தேவையில்லாமல் ஒரு பிராணிக்கு வலி உண்டாக்குவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி குற்றம். புண்ணைப் பார்த்த பிறகும் மாட்டினால் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டி, கையேடு, பில்லோடு பத்திரமாக வையுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம் ‘உத்தரவாதம்’ என்ற அந்த ஒரு சொல். முறையாகச் சோதிக்காமல் ஒரு பொருளின் செயல்திறனுக்கு உத்தரவாதம் தருவது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை. ‘சோதித்துவிட்டுத்தான் சொன்னோம்’ என்று அவர்கள் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவர்களுடையதே. எந்தச் சோதனையைக் காட்டுவார்கள்? தனிமைப் பயத்தில் குரைக்கும் நாய் வேறு, வாசலில் ஆள் நின்றால் குரைக்கும் நாய் வேறு. நீங்கள் கிளம்பியதும் குரைக்கிறது என்றால் உங்கள் நாய் முதல் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பயந்திருக்கும் நாய்க்கு வலியும் சேர்ந்தால் பயம்தான் கூடும்.

ரிட்டர்ன் கெடுவைப் பற்றிக் கவலை வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் 6-ஆவது விதி.

சிக்கல் புண்ணில்தான். இரண்டு உலோக முனைகள் ஒரே இடத்தில் பல மணி நேரம் அழுத்தினாலே, மின்சாரம் பாயாமலும் தோல் புண்ணாகும். ‘அளவுக்கு மீறி மாட்டினீர்கள்’ என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும். ஆகவே எத்தனை மணி நேரம் மாட்டலாம் என்று கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். அந்த எச்சரிக்கையே இல்லையென்றால் அது உங்களுக்குச் சாதகம். புண்களின் அளவு, இடம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி, தேதி எல்லாம் குறித்து கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, காலரின் முனைகளையும் புண்களையும் போட்டோ எடுங்கள். இடைவெளி பொருந்தினால் அதைவிடப் பேசும் சாட்சி இல்லை.

விற்பனையாளர் விளம்பரத்தை நாளைக்கே மாற்றிவிடக்கூடும். இணைய முகவரியும் தேதியும் தெரிய இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணங்களுக்குத் தரும் சான்றிதழையும் இணைத்துவிட்டால் ஆட்சேபணைக்கு இடமிருக்காது.

அடுத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். விற்பனையாளரின் முழு முகவரியையும் அதே கடிதத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் தளம் தந்தாக வேண்டும். முகவரி இல்லாமல் நோட்டீஸ் திரும்பி வந்து வழக்கு இழுபடுவதை அடிக்கடி பார்க்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதியுங்கள்.

அதற்கும் மசியவில்லையென்றால், 15 நாள் கெடு வைத்து விற்பனையாளர், விற்பனைத் தளம் இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுங்கள். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். காலரின் விலை, பில்லோடு வைத்தியச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவற்றை மட்டும் கேளுங்கள். 3,499 ரூபாய் பொருளுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் மனுவின் நம்பகம் போய்விடும்.

பக்கத்து வீட்டாருக்கு, நாய்க்கு சிகிச்சை நடக்கிறது என்ற மருத்துவச் சீட்டின் நகலைக் கொடுத்துப் பேசுங்கள். அவர்கள் காவல் நிலையம் போனாலும் அந்தச் சீட்டு உங்களுக்கு உதவும்.