பழஞ்சுவடியில் ‘நரம்பு’ என்றால் எது?

பழைய மருத்துவச் சுவடியைப் பதிப்பிக்கும்போது, ‘நரம்பு அறுந்து குருதி பெருகியது’ என்ற வரியிலுள்ள நரம்புக்கு இன்றைய உணர்வு நரம்பு என்று பொருள் எழுதுவதால்தான் குழப்பம். பழைய வழக்கில் நரம்பு என்பது இரத்தக்குழாய், தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்), யாழின் தந்தி எல்லாவற்றுக்கும் பொது. புறநானூறு 278-இல் முதியவளின் தோளில் எழுந்து தெரிபவை இரத்தக்குழாய்களே. இன்றும் ‘நரம்பில் ஊசி’ என்கிறோமே!

அருகிலுள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். குருதி பெருகினால், புடைத்தால் குழாய். சுண்டி இழுத்தால், முடங்கினால் தசைநாணாக இருக்கலாம், ஆனால் வாத நோய்ப் பகுதியில் உறுதியாகச் சொல்ல முடியாது. கிரேக்க ‘நியூரான்’ என்ற சொல்லும் முதலில் தசைநாணையே குறித்தது.

‘நாடி’யை இதோடு சேர்க்காதீர்கள், அது துடிப்பையும் குறிக்கும், உடலில் உயிர்க்காற்று ஓடுவதாகச் சொல்லி 72,000 என்று எண்ணப்படும் வாயுவழிகளையும் குறிக்கும். பதிப்பில் மூலச்சொல்லை மாற்றாமல் விட்டு, பொருளை அடிக்குறிப்பில் கொடுங்கள்.