நோட்டீஸுக்கு முன் உங்கள் குடோனைப் பாருங்கள்

கேள்வி: பவானியில் மூன்று தலைமுறையாக ஜமக்காளம் நெய்து விற்கிறோம். சொந்தமாக எட்டுக் குழித்தறி, அதாவது கால்குழி வைத்த கைத்தறி. எங்களிடம் சரக்கு எடுத்தே ஆளான உறவுக்காரர் ஒருவர், இப்போது சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கை இறக்கி ‘பவானி ஜமக்காளம்’ என்று லேபிள் ஒட்டிப் பாதி விலைக்கு விற்கிறார். கேட்டால், ‘உன்னால் ஆனதைப் பார்’ என்கிறார். தீபாவளி சமயத்தில் தறி போதாமல் நாங்களும் கொஞ்சம் வெளிச்சரக்கு சேர்த்து விற்பதுண்டு. ஆனால் அவரைப் போல முழுக்க ஏமாற்றுவதில்லை. ஊர்ப் பெயரை அந்த ஊர்ச் சரக்குக்கு மட்டும் காக்கும் புவிசார் குறியீடு இருக்கும்போது அவரை உள்ளே தள்ள முடியாதா?

பதில்: மூன்று தலைமுறைப் பெருமையும் உறவுக்காரர் பேசிய பேச்சும் வழக்குக்கு உதவாது. புவிசார் குறியீட்டுப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில், அங்கீகரிக்கப்பட்ட பயனராக, அதாவது அந்தப் பெயரைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவராக, உங்கள் பெயர் இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி மீறல் வழக்குப் போட, குறியீட்டைப் பதிவு செய்த உரிமையாளருக்கும் அந்தப் பயனர்களுக்கும்தான் உரிமை. சங்கத்தில் வாங்கிய சான்றிதழ் நகலைக் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் அது அலங்காரம், அவ்வளவுதான். சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள்.

‘உள்ளே தள்ளுவது’ பற்றி. பொய்க் குறியீட்டுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு, உண்மைதான். ஆனால் சோதனை போட டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வரவேண்டும், அவரும் முன்கூட்டியே பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளமும் இருக்கிறதே என்பீர்கள். ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்கிற அந்தச் சட்டம், விசைத்தறி ஓட்டுபவரைத்தான் பிடிக்கும். தறி ஓடுவது மகாராஷ்டிராவில்.

இனி, உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரிக்கு வருகிறேன். ‘வெளிச்சரக்கு சேர்த்து விற்பதுண்டு’ என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அந்த வெளிச்சரக்கு விசைத்தறியில் ஓட்டியதாக இருந்து, அதிலும் பவானி லேபிள்தான் ஒட்டுகிறீர்கள் என்றால், அவர் செய்யும் குற்றத்தைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். கொஞ்சமா முழுக்கவா என்று சட்டம் எடை போடாது. என்னிடம் வந்தவர்களில் பலர் விழுந்த குழி இதுதான். ஆவேசமாக நோட்டீஸ் போகும். எதிர்த்தரப்பு பதிலே எழுதாது. ஆளை விட்டு உங்கள் கடையிலேயே நாலு ஜமக்காளம் பில்லோடு வாங்கி வைத்துக்கொள்ளும். குறுக்கு விசாரணையில் உங்கள் கொள்முதல் பில், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் மேசைக்கு வரும். எட்டுத் தறியில் இத்தனை உருப்படி எப்படி இறங்கியது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இடைக்காலத் தடை கேட்டுப் போனவர் தன் மேல் புகார் வராமல் காத்துக்கொள்ள ஓட வேண்டியிருக்கும். அதுவும் இவர் உங்களிடமே சரக்கு எடுத்தவர். உங்கள் குடோனின் மூலை முடுக்கெல்லாம் அவருக்குத் தெரியும்.

அதனால் வெளிச்சரக்கில் பவானி லேபிள் ஒட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். விற்றே தீரவேண்டும் என்றால் அந்தப் பெயர் இல்லாமல், தனி பில்லில் விற்கலாம்.

உறவுக்காரரிடம் சமரசம் பேசுங்கள். சொல்வது கசக்கும், தெரியும். இருப்புச் சரக்கில் ஒட்டிய லேபிளைக் கிழித்துவிட்டு, இனி ‘பவானி’ என்று போடமாட்டேன் என அவர் எழுதிக் கொடுத்தால் போதும். நஷ்டஈடு கேட்டு இழுக்காதீர்கள்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. ‘உருப்படிக்கு இவ்வளவு தருகிறேன், பெயரை நானும் வைத்துக்கொள்கிறேன்’ என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். புவிசார் குறியீட்டு உரிமையை விற்கவோ, அடகு வைக்கவோ, லைசென்ஸ் கொடுக்கவோ 24ஆம் பிரிவு விடாது. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதினாலும் அந்த ஒப்பந்தம் நிற்காது. நாளைக்கு, காசு வாங்கிக்கொண்டு போலிக்குச் சம்மதித்தவர் என்று உங்களைக் காட்ட அவருக்கு அந்தக் காகிதம் ஒன்றே போதும்.

எழுதித் தர மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது. அங்கே போகிற நாளில் உங்கள் பெயர் ‘பி’ பகுதியில் ஏறியிருக்க வேண்டும், கடையில் பவானி லேபிளோடு உங்கள் தறிச் சரக்கு மட்டுமே இருக்க வேண்டும்.