தலையணைக்கு அடியில் பிஸ்கட்: தத்துப் பிள்ளையின் பழைய காயத்துக்கு என்ன சிகிச்சை?

கேள்வி: எங்கள் மகளுக்கு இப்போது ஏழு வயது. நான்கு வயதில் தத்தெடுத்தோம். அதற்கு முன் ஒரு காப்பகத்திலும் இரண்டு வளர்ப்புக் குடும்பங்களிலும் இருந்திருக்கிறாள். வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் தலையணைக்கு அடியில் பிஸ்கட் பதுக்குகிறாள். முன்பின் தெரியாதவர் மடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்; நான் அணைத்தால் மட்டும் கட்டைபோல் விறைத்துப்போகிறாள். கோபம் வந்தால் "நீ என் அம்மா இல்லை" என்று கத்துகிறாள். கவனக்குறைபாடாக இருக்கும், மருந்து கொடுத்துப் பாருங்கள் என்கிறது பள்ளி. செல்லம் அதிகம், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். ஒரு சிகிச்சையாளரோ, அவள் திமிறி ஓயும்வரை இறுக்கிப் பிடித்திருந்தால் பிணைப்பு உண்டாகும் என்கிறார். எந்தச் சிகிச்சைக்குப் போவது? எத்தனை நாள் ஆகும்? சில நாட்களில் அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பதில்: இறுக்கிப் பிடிக்கும் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. வேண்டாம். அவரிடம் மறுபடி போகவும் வேண்டாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தத்தெடுக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் துணியில் சுற்றி, மேலே தலையணைகளை வைத்து அழுத்தி, "மறுபிறப்பு" என்ற பெயரில் சிகிச்சை நடத்தினார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அவள் கெஞ்சியதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் இறந்துபோனாள். நடத்தியவர்கள் சிறைக்குப் போனார்கள். மறு ஆண்டே அந்த மாநிலம் அம்முறையைத் தடை செய்தது. அமெரிக்காவில் குழந்தை வன்கொடுமைத் துறை வல்லுநர்களின் சங்கம் அமைத்த குழுவும் 2006-ல் இத்தகைய கட்டாய முறைகளைக் கைவிடச் சொல்லி அறிக்கை தந்தது. உயிருக்கு ஆபத்து வராத இடத்திலும் இதில் நடப்பது ஒன்றுதான்: தன்னைவிடப் பலசாலியான ஒருவரிடம் குழந்தை தோற்று அடங்குகிறது. உங்கள் மகளுக்கு அந்தப் பாடம் புதிதாக இருக்காது. உறவினர்கள் சொல்லும் இரண்டு அடிக்கும் இதே பதில்தான்.

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம். அதைத் திருட்டு என்றோ பேராசை என்றோ பார்த்தால் வழி தெரியாது. அடுத்த வேளை நிச்சயமில்லாத இடத்தில், அல்லது இன்றைக்கு இருந்த வீடு நாளைக்கு இல்லாமல் போகும் வாழ்க்கையில், கைக்குக் கிடைத்ததை ஒளித்து வைக்கும் குழந்தைதான் கெட்டிக்காரக் குழந்தை. அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளை உங்கள் வீடுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அலமாரி நிறையச் சாப்பாடு இருப்பது அவள் கண்ணுக்குத் தெரியும். உடம்புதான் இன்னும் நம்பவில்லை. ஆகவே பறிமுதல் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். மூடி இறுகும் ஒரு பெட்டி வாங்கி, அவள் கையாலேயே அதில் அவள் பெயரை எழுதச் சொல்லுங்கள். கெட்டுப்போகாத தின்பண்டங்களை அவள் பார்க்கும்படி அதில் நிரப்பி, படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். "இது உன்னுடையது. குறைந்தால் சொல், நிரப்புகிறேன்." அவ்வளவுதான் பேச்சு. எவ்வளவு குறைந்தது, எப்போது தின்றாய் என்று கேட்கவே கூடாது. கேட்டால் அது உங்கள் பெட்டியாகிவிடும்.

உங்களை மட்டும் தள்ளுவது ஏன்? அவள் கணக்கில் மூன்று இடங்கள் கைமாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும், தன்னைத் தூக்கிச் சோறூட்டியவர்தான் காணாமல் போயிருக்கிறார். நெருங்கி வருபவர் போய்விடுவார் என்று நான்கு வயதுக்குள் கற்றுக்கொண்டவளுக்கு, உங்கள் அணைப்பு ஓர் அபாய மணி. வழியில் பார்க்கும் அந்நியரால் அந்த ஆபத்து இல்லை, போனால் போகட்டும். அதனால் அங்கே மடியில் ஏறுகிறாள், உங்களிடம் விறைக்கிறாள்.

அந்நியரிடம் ஒட்டிக்கொள்வதைத் தனியாகவும் கவனிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, யாரிடமும் ஆறுதல் தேடாமல் ஒடுங்கிப்போவதையும் யாரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்வதையும் இரண்டு வெவ்வேறு கோளாறுகளாகப் பிரித்தது. காரணம் இருந்தது. இரண்டாவது வகை, வளர்ப்பவரோடு நல்ல பிணைப்பு உண்டான பிறகும் பல ஆண்டுகள் நீடிப்பதைக் காப்பகக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆகவே அவள் யார் மடியில் உட்கார்ந்தாலும் அதை உங்கள் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பாதுகாப்பு விஷயமாக மட்டும் பாருங்கள். வீட்டுக்கு வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அவள் மடிக்கு வந்தால், "அம்மாவிடம் கேட்டுவிட்டு வா" என்று சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நான்கு வயதில்தானே வந்தாள், காலம் கடந்துவிட்டதோ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கடிதங்களின் அடியில் அந்தப் பயம் எப்போதும் இருக்கும். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வில் காப்பகங்களிலிருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள் என்பது உண்மை. ஆனால் முழுக் கதை அதோடு முடியவில்லை. ருமேனியக் காப்பகங்களிலிருந்து பிரிட்டன் குடும்பங்கள் தத்தெடுத்த குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் தொடங்கிவைத்த ஆய்வுக் குழு, அவர்கள் இருபது வயதைத் தாண்டும்வரை தொடர்ந்து பார்த்தது. ஆறு மாதங்களுக்கு மேல் காப்பகத்தில் கிடந்தவர்களுக்குக் கவனச் சிக்கலும் பழகுவதில் சிக்கலும் அதிகம் நீடித்தன. ஆனால் சிறுவயதில் பின்தங்கியிருந்த அறிவுத்திறன் வளர்ந்தபின் பெரும்பாலும் எட்டிப்பிடித்துவிட்டது. அந்தப் பிரிவிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எந்தக் கட்டத்திலும் குறிப்பிடும்படியான சிக்கலே காணப்படவில்லை. அவ்வளவு மோசமான காப்பகங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

சிகிச்சை பற்றி என் கருத்தைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன்: இந்தக் குழந்தைக்கு முக்கியமான சிகிச்சையாளர் நீங்கள்தான். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் நிபுணரின் அறையில் போகும், பள்ளி நேரம் போக மிச்சம் உங்களோடு. குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டுத் தாயை வெளியே நாற்காலியில் உட்காரவைக்கும் முறை பல பிரச்சினைகளுக்குப் பொருந்தலாம். உறவில் பட்ட காயத்துக்கு, அந்த உறவே அறைக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் டேன் ஹியூஸ் உருவாக்கிய இருவர்சார் வளர்ச்சி உளவியல் சிகிச்சை (Dyadic Developmental Psychotherapy) இந்த எண்ணத்தில் எழுந்தது. சிகிச்சையாளர் முதலில் பெற்றோரைத் தனியாகச் சந்திப்பார். பிறகு குழந்தையையும் சேர்த்து உட்காரவைத்து, அவள் நடத்தைக்குப் பின்னால் உள்ள பயத்தைக் கதைபோல் மெல்லப் பேசுவார். கேலியில்லாத விளையாட்டுத்தனம், அவள் மனதில் உள்ளதை அப்படியே ஏற்பது, அறிய ஆவல் காட்டுவது, பரிவு என்ற நான்கும்தான் இதன் அடித்தளம். சிகாகோவில் 1960-களில் பிறந்த தெராபிளே இன்னும் எளிமையானது: அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடும் விளையாட்டு. மகளின் கையில் இருக்கும் சின்னச் சிராய்ப்பைத் தேடிக் கண்டுபிடித்து அம்மா களிம்பு தடவுவதும் அதில் ஒன்று. பார்க்க அற்பமாக இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது யாரும் தன்னை அப்படி உற்றுப் பார்க்காத பிள்ளைக்கு அது அற்பமில்லை.

குறிப்பிட்ட ஒரு கொடுமை அவள் நினைவில் நின்று கனவாகவும் நடுக்கமாகவும் திரும்பத் திரும்ப வந்தால், மனக்காயத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சி ஆதாரம் மிக வலுவாக இருப்பது அதற்குத்தான்; வளர்ப்பவருக்கும் அதில் இடமுண்டு, பெரும்பாலும் சில மாதங்களில் முடியும். மேலே சொன்ன இரண்டுக்கும் அந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் நான் காண்பது ஒரு சம்பவத்தின் நினைவைவிடப் பிரிவுகளின் தழும்புதான் என்பதால், பெற்றோரோடு சேர்ந்து செய்யும் சிகிச்சையில் தொடங்கச் சொல்வேன்.

நிபுணரை எப்படி அடையாளம் காண்பது? தொலைபேசியிலேயே கேளுங்கள்: "சிகிச்சை நடக்கும்போது நானும் அறையில் இருப்பேனா?" எதற்கு என்று கேட்பவரை விட்டுவிடுங்கள். தத்துப் பிள்ளைகளோடு, வளர்ப்புக் குடும்பப் பிள்ளைகளோடு எவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறார் என்றும் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே பழைய கதையைத் தோண்டுகிறவரும் இத்தனை வாரத்தில் சரிசெய்துவிடுவேன் என்று உத்தரவாதம் தருகிறவரும் எனக்கு ஒரே ரகம்.

மருந்து விஷயம். பிணைப்புச் சிக்கலுக்கென்று மாத்திரை கிடையாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2015-ல் வெளியிட்ட நெறிமுறையில் அதற்கு மருந்து கொடுக்கக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. வகுப்பில் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும் குழந்தை, கவனம் இல்லாத குழந்தையாகத் தெரியும். உண்மையில் அது கதவை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்து மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். கவனக்குறைபாடும் கூடவே இருக்கலாம். அப்போது மருந்து உதவும். குழந்தை மனநல மருத்துவர் ஒருவர் காது, கண், தூக்கம் எல்லாவற்றையும் பார்க்கட்டும். கருவில் இருந்தபோது மதுவின் பாதிப்பு ஏற்பட்டிருக்குமா என்பதையும் கேளுங்கள்; பலர் கேட்க மறப்பது அது. பள்ளியிடம் இப்போதைக்கு இரண்டு உதவி கேட்டால் போதும்: கதவு தெரியும்படி சுவரோரமாக ஓர் இடம், ஆசிரியர் விடுப்பு எடுக்கும் நாளை முன்கூட்டியே அவளிடம் சொல்வது.

வீட்டில் அவள் வெடிக்கும்போது தனியறைக்கு அனுப்பாதீர்கள். அனுப்பப்பட்டு அனுப்பப்பட்டு வந்தவள் அவள். "நீ என் அம்மா இல்லை" என்றால், அதற்கு எதிர்வாதம் வேண்டாம். அவளைவிடத் தாழ்வாக, ஒரு கை தூரம் தள்ளித் தரையில் உட்காருங்கள். குரலைத் தணித்து, "இன்றைக்கு என்னை அம்மா என்று நினைப்பதே உனக்குக் கஷ்டமாக இருக்கிறது போல. நான் இங்கேயேதான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மூன்றாவது வாக்கியம் தேவையில்லை. ஆலோசனை சொல்லும் நாங்களே மூன்றாவது வாக்கியத்தில்தான் காரியத்தைக் கெடுப்போம். உடைத்த பொருளைப் பற்றிப் பேச மாலையில் நேரம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஒட்டலாம். அணைக்க வேண்டுமானால் "கை பிடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அவள் கடந்துவந்த இடங்களைப் பற்றி ஒரு வாழ்க்கைக் கதை நோட்டும் தொடங்குங்கள். பழைய வளர்ப்புக் குடும்பங்களிடமிருந்து ஒரு புகைப்படமோ இரண்டு வரிக் கடிதமோ கிடைக்குமா என்று தத்து அமைப்பு மூலம் கேட்டுப் பாருங்கள். காரணம் தெரியாத பிள்ளைகள், தாங்கள் கெட்டவர்களாக இருந்ததால்தான் விட்டுவிட்டார்கள் என்று தாங்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள்.

சில நாட்களில் அவளைப் பார்க்கவே பிடிப்பதில்லை என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, அதற்குப் பெயர் உண்டு. கொடுக்கும் அன்பெல்லாம் திரும்பத் திரும்பத் தள்ளப்படும்போது, வளர்ப்பவரின் மனம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே கதவை அடைத்துக்கொள்கிறது. வேளாவேளைக்கு எல்லாம் செய்வீர்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. ஹியூஸும் அவரோடு எழுதிய ஜொனதன் பேலினும் இதைப் பராமரிப்பு அடைபட்டுப்போவது என்கிறார்கள். உங்கள் மகள் செய்வதும் இதேதான் என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லுங்கள். கேட்டு அதிர்ச்சியடைந்தால் அவர் உங்களுக்கு வேண்டாம். வாரத்தில் ஓர் இரவு கணவர் அவளைத் தூங்கவைக்கட்டும். நீங்கள் வேறு அறையில் விடியும்வரை தூங்குங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். வாரக் கணக்கில் எண்ணாதீர்கள், ஆண்டுக் கணக்கில் எண்ணுங்கள். முன்னேற்றம் வருவது பெரும்பாலும் கண்ணில் படாது. என்னிடம் வந்த ஒன்பது வயதுச் சிறுவனும் இப்படிப் பெட்டி வைத்திருந்தான். தினமும் தூங்கும் முன் அதிலிருந்ததை எண்ணிப் பார்ப்பான். ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு காலையில் அவனுடைய வளர்ப்புத் தாய் பதற்றத்தோடு தொலைபேசியில் கூப்பிட்டார். பெட்டி முழுக்க எறும்பு. மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறான். கடைசியாக எப்போது திறந்தான் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும் என்றார். பிறகு சிறிது நேரம் இருவருமே பேசவில்லை. எறும்பைத் தட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்து மறுபடி நிரப்பி, அதே இடத்தில் வைக்கச் சொன்னேன்.