புகை டெஸ்டில் கார் ஃபெயில்: முப்பதாயிரம் செலவழிக்கணுமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். நாலு மாதம் முன்பு மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய கார் கடையில் 2011 மாடல் பெட்ரோல் கார் வாங்கினேன். மார்க்கெட்டுக்கும், பையனைப் பள்ளிக்கூடத்தில் விடவும்தான் எடுப்பேன். ஒரு நடைக்கு இரண்டு கிலோமீட்டர் தாண்டாது. போன வாரம் காலையில் புகை டெஸ்டுக்குக் கொண்டுபோனால் ஃபெயில். கார்பன் மோனாக்சைடு 1.4 சதவீதம், ஹைட்ரோகார்பன் 420 பி.பி.எம். என்று சீட்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) மாற்றணும், முப்பதாயிரம் ஆகும் என்கிறார் மெக்கானிக். தெரிந்த ஒருவரோ, "வண்டியே வேண்டாம், நம்பர் பிளேட் போட்டோ அனுப்புங்கள், ஐந்நூறு ரூபாயில் சர்டிபிகேட் வந்துவிடும்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஃபெயில் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். 2021-இல் நாடு முழுக்க ஒரே மாதிரி சர்டிபிகேட் கொண்டுவந்தபோதுதான் இந்தச் சீட்டும் வந்தது. மெக்கானிக்கிடம் காட்டத்தான் அது. மெஷின் மேலேயே சந்தேகம் என்றால் வேறு சென்டரில் டெஸ்ட் எடுக்கவும் செய்யலாம்.

சீட்டில் உள்ள எண்களைப் பாருங்கள். உங்கள் கார் பி.எஸ்.3, அதாவது பாரத் ஸ்டேஜ் 3 என்ற புகை விதிப்படி செய்தது என்றால் (ஆர்.சி.யிலோ அரசின் பரிவாகன் தளத்திலோ தெரியும்) கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 வரை போகலாம். பி.எஸ்.4 என்றால் 0.3, 200. பி.எஸ்.3 என்றே வைத்துக்கொள்வோம். ஹைட்ரோகார்பன் எல்லைக்குள் நிற்கிறது, மோனாக்சைடு மட்டும் ஏறியிருக்கிறது. பிளக் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடினால் ஹைட்ரோகார்பன்தான் முதலில் எகிறும். உங்கள் வண்டியில் பெட்ரோல் எரிகிறது, காற்றுக்கு மிஞ்சி ஊற்றுகிறது, அவ்வளவுதான். இதற்கு எடுத்த எடுப்பில் கன்வெர்ட்டரைக் கழற்றுவது, தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்கிற மாதிரி.

எனக்குச் சந்தேகம் உங்கள் இரண்டு கிலோமீட்டர் மேல். மலையின் காலைக் குளிரில் இன்ஜின் சூடாவதற்குள் நீங்கள் மார்க்கெட்டில் இறங்கிவிடுகிறீர்கள். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடவே ஊற்றும். அதில் எரியாத மிச்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து ஆயிலில் சேரும். ஒரு காரியம் செய்யுங்கள்: ஆயில் பார்க்கும் குச்சியை உருவி மோந்து பாருங்கள். ஆயில் வாசனையோடு பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தால், ஆயில் கோட்டுக்கு மேலேயும் ஏறியிருந்தால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஆயிலிலிருந்து ஆவியாகும் பெட்ரோலை இன்ஜின் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மீட்டரில் மோனாக்சைடு ஏறும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் அதையும் மாற்றுங்கள்.

அப்புறம், டெஸ்டுக்கு நேராக வீட்டிலிருந்து போகாதீர்கள். கட்டபெட்டு வரை ஒரு நடை ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் சென்டருக்குள் நுழையுங்கள். கன்வெர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். நானும் ஒரு ஜனவரிக் காலையில் ஊட்டியில், கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டு அப்படியே போய் ஃபெயில் வாங்கினேன். மத்தியானம் அதே வண்டி, அதே மெஷின், பாஸ்.

இதற்கும் இறங்காவிட்டால் புகை வெளியேறும் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். அது நல்லபடி இருந்தும் ஃபெயில் ஆனால்தான் கன்வெர்ட்டர் பேச்சு. பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லி, பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்நூறு ரூபாய்க் கதைக்குப் போகாதீர்கள். புகை அளவை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்சும் மூன்று மாதம் போகும். போலிச் சர்டிபிகேட் இதிலிருந்து காப்பாற்றாது.

கடைக்காரர் கொடுத்த பழைய சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் நம்பர் பிளேட் படம் இருக்கும். வண்டியே வராமல் எடுத்தது என்று தெரிந்தால் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகணும், ஐந்து லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது.

கேள்வி: குன்னூர் பக்கம் இலை மூட்டை ஏற்றும் பழைய டீசல் ஜீப். டெஸ்டில் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்கிறார்கள். இன்ஜின் போய்விடாதா? அப்படியும் கறுப்புப் புகையென்று ஃபெயில்.

பதில்: டீசலுக்கு டெஸ்டே அதுதான். நியூட்ரலில் முழுசாக மிதித்து, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அளப்பார்கள். பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிக்கு எல்லை 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). இன்ஜினில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருப்பதால் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், பழைய பெல்ட் அறுந்துவிடலாம் என்பதால், அதை மாற்றி எவ்வளவு நாளாச்சு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் 1,850 மீட்டர் உயரம். கீழே கிடைக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்குதான் அங்கே. டர்போ இல்லாத இன்ஜினுக்குக் காற்று குறைகிறது, டீசல் பம்ப் மட்டும் மலையடிவார மேட்டுப்பாளையக் கணக்கிலேயே டீசல் அடிக்கிறது. ஏர் ஃபில்டரும் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் பார்த்த பிறகும் புகை நிற்காவிட்டால், பம்ப் வேலை தெரிந்தவரிடம் அளவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் இழுவை சற்றே குறையும். மூட்டையில் ரெண்டு குறைத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.