மருத்துவக் காப்பீட்டில் 'முடியாது' என்று சொல்லும் அதிகாரம் இயந்திரத்துக்கு இருக்கலாமா?

கேள்வி: மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கிளைம்களை முடிவு செய்வது அறமாகுமா?

இதைப் பொது அறிவுக்காகக் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, கைப்பேசியில் மறுப்புச் செய்தி வந்த பிறகு எழுதிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கோவைக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ள நடுத்தர மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அனுமதி கொடுக்க இயந்திரத்தைப் பயன்படுத்துவதில் எந்தக் குற்றமும் இல்லை என்பதும், மறுப்பதாக இருந்தால் பெயரும் பதிவு எண்ணும் உள்ள ஒரு மருத்துவர் கோப்பைப் படித்துக் காரணம் எழுதிக் கையொப்பமிட்டே மறுக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

மருத்துவமனையில் சம்பளம் வாங்குபவள் வேறு எப்படிப் பேசுவாள் என்று சிலர் கேட்கக்கூடும். பொய்யான பில்கள் போடப்படுவதும், தேவையில்லாமல் நோயாளிகளைப் படுக்க வைப்பதும் நடக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க மென்பொருள் உதவுமானால் நேர்மையாகப் பிரீமியம் கட்டுபவர்களுக்கு அது நன்மையே. வேகத்தையும் நான் குறை சொல்லவில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும்படி கேட்கும் விண்ணப்பத்துக்கு, 1 மணி நேரத்தில் முடிவையும், வீடு திரும்பும்போது 3 மணி நேரத்தில் இறுதி ஒப்புதலையும் தர வேண்டும். கண்புரை அறுவைச் சிகிச்சை, பிரசவம் போன்றவற்றுக்கு அனுமதி இப்போது விரைவில் வந்துவிடுகிறது. காலையில் டிஸ்சார்ஜ் எழுதியும் ஒப்புதலுக்காக இரவு வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்த குடும்பங்களைப் பார்த்தவள் என்பதால், இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

என் மனத்தைப் புண்படுத்திய நிகழ்ச்சி வேறு. சோமனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கடுமையான மூச்சுத்திணறலோடு எங்களிடம் சேர்க்கப்பட்டார். இளம் வயதில் பஞ்சாலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகச் சில விசைத்தறிகள் போட்டு நடத்தியவர். நுரையீரல் மருத்துவர் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., என்று கண்டறிந்து, நோய் வரலாற்றில் '20 ஆண்டுகள் பஞ்சுத் தூசியில் வேலை' என்று குறிப்பிட்டார். கேஷ்லெஸ் படிவத்தில் பழைய நோய்களைக் கேட்கும் பகுதியில் ஆஸ்துமா, சி.ஓ.பி.டி., பிராங்கைட்டிஸ் மூன்றும் ஒரே வரியில் வரும். எப்போதிருந்து என்று அதற்கு எதிரே எழுத வேண்டும். நோய் தெரியவந்தது இப்போதுதான் என்பதை அங்கே தெளிவாகவே எழுதி அனுப்பினோம். சில நிமிடங்களில் மறுப்பு வந்தது. நோயாளிக்கு 20 ஆண்டுகளாக இந்த நோய் இருப்பதாகவும், புகைப்பழக்கத்தோடு சேர்த்து அதைப் பாலிசி எடுக்கும்போது மறைத்துவிட்டதாகவும் அதில் இருந்தது.

"ஏனுங்க அக்கா, எங்க மாமா பீடியைக் கையால தொட்டதில்லீங்களே, இதை யாருங்க சொன்னாங்க?" என்று அவருடைய மருமகள் கேட்டார். நியாயமான கேள்வி. அதையே நான் நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டேன். சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது என்றார்கள். கோப்பைப் பார்த்த மருத்துவர் யார், அவரிடம் எங்கள் மருத்துவர் பேசலாமா என்று கேட்டதற்கு, அந்த விவரத்தைத் தர இயலாது என்றார்கள். எங்கள் மருத்துவர் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்கும் எழுத்து மாறாமல் அதே மறுப்பு வந்தது. குடும்பம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிப் பெரியவரை அழைத்துச் சென்றது. பிறகு எழுத்துமூலம் புகார் கொடுத்து, பல வாரங்கள் கழித்துத் தொகை வந்தது என்றாலும், அடகு வட்டியை யாரும் திருப்பித் தரவில்லை.

தூசியில் வேலை செய்த ஆண்டுகளை நோயின் ஆண்டுகளாகப் படித்ததும், நுரையீரல் நோய் என்றவுடன் புகைப்பழக்கத்தை ஒட்டவைத்ததும் மனிதரா மென்பொருளா என்பதை என்னால் நிரூபிக்க இயலாது. 'இயந்திரத்தின் மீது வீண்பழி போடுகிறீர்கள்' என்று எழுத வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதை அறிந்துகொள்ளும் வழியே நோயாளிக்குத் தரப்படவில்லை, அறப் பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது. பல்லடம், சோமனூர், அவிநாசி வட்டாரத்தில் வேலை பார்த்த எந்த மருத்துவரும் இந்த நோயாளியிடம் முதலில் எந்த மில்லில் இருந்தீர்கள் என்றுதான் கேட்பார். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று மட்டுமே இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் தறிச் சத்தமும் தூசியும் வேறு ஊர்களின் கோப்புகளைப் படித்துப் பழகிய கணிப்பு முறைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

விதி இல்லாமல் இல்லை. அதே சுற்றறிக்கை, நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழு போன்ற ஒரு குழுவின் ஒப்புதல் இன்றி எந்தக் கிளைமையும் நிராகரிக்கக் கூடாது என்கிறது. ஆனால், கேஷ்லெஸ் மறுக்கப்படும்போது, 'இது கிளைம் நிராகரிப்பு ஆகாது, பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் விண்ணப்பிக்கலாம்' என்று சொல்லிவிடுகிறார்கள். படுக்கையில் மூச்சுக்குத் தவிப்பவருக்கு அன்றைய மறுப்புத்தான் மறுப்பு. குழு பார்க்க வேண்டியது அதற்கு அப்புறம் என்றால், மிகவும் தேவைப்படும் நேரத்தில் மனிதக் கண் அங்கே இல்லை என்றாகிறது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் முன்பே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. சிக்னா என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர்கள் 2022இல் இரண்டு மாதங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை, ஒன்றுக்குச் சராசரியாக 1.2 விநாடி செலவிட்டு, மென்பொருளின் துணையோடு மறுத்தார்கள் என்று புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2023இல் எழுதியது; சிக்னா அந்தச் சித்திரிப்பை ஏற்கவில்லை. ஆகவே ஒரு மருத்துவரின் கையொப்பம் இருந்தால் மட்டும் போதாது, அவர் படித்திருக்கவும் வேண்டும். மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கும் முடிவை உரிமம் பெற்ற மருத்துவரோ, உரிமமும் தகுதியும் உள்ள வேறொரு மருத்துவத் துறையினரோதான் எடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024ஆம் ஆண்டின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், ஆயுள் மற்றும் மருத்துவக் காப்பீட்டில் ஒருவரின் இடரை மதிப்பிட்டு விலை வைக்கும் மென்பொருளை உயர் அபாய வகையில் சேர்த்திருக்கிறது.

இதோடு தொடர்புடைய இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பாலிசிப் படிவத்தைப் பெரும்பாலும் ஏஜெண்டுதான் நிரப்புகிறார். தறியை நிறுத்தாமலே கையொப்பம் போட்டுக் கொடுப்பவர்கள் ஏராளம். நோய் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று குறித்துத் தருபவர் அந்த ஏஜெண்டுதான். பிற்காலத்தில் மென்பொருள் அந்தக் குறிகளை மருத்துவமனைக் கோப்போடு ஒப்பிட்டு 'மறைத்தார்' என்று சொல்லும்போது, பழி முழுவதும் பாலிசிதாரர் மீது விழுகிறது. இந்த ஒப்பீட்டை இவ்வளவு துல்லியமாகச் செய்ய முடிந்த நிறுவனம், பாலிசி விற்கும் அன்றே அதைச் செய்து, ஐயம் இருந்தால் அன்றே கேட்டிருக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு மறுப்பு வந்திருந்தால், பாலிசி தொடர்ச்சியாக 60 மாதங்களைக் கடந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். கடந்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவலை மறைத்தீர்கள் என்ற காரணத்தால் மறுக்க முடியாது. பெரியவருக்குத் தொகை வந்ததும் இந்த விதியையும் மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்துக் காட்டிய பிறகே. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதும் கடிதத்தில், எந்த விதிப்படி மறுக்கப்பட்டது, கோப்பைப் படித்த மருத்துவர் யார், தானியங்கி முறை பயன்பட்டதா என்ற மூன்றையும் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அங்கே ஏற்கிறார்கள். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய் எப்போது கண்டறியப்பட்டது என்பது தேதியோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே படித்துப் பார்த்துவிடுங்கள்.