ராணுவ உதவித்தொகையும் ரெசிடென்ஸியும்

வணக்கம் டாக்டர்,

இந்த ஆண்டு டெக்சாஸில் மருத்துவப் படிப்பில் சேர்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை உண்டு. மருத்துவ மாணவர்களுக்கு ராணுவம் தரும் எச்.பி.எஸ்.பி. உதவித்தொகை வாங்கினால் கல்விக் கட்டணம் முழுவதும் அவர்களே கட்டிவிடுவார்கள், பிறகு ராணுவ மருத்துவமனையிலேயே ரெசிடென்ஸி என்ற சிறப்புத் துறைப் பயிற்சி செய்யலாம் என்கிறார் ஆள்சேர்ப்பு அதிகாரி. எனக்கு எலும்பு அறுவை சிகிச்சையில்தான் ஆசை. நான்கு வருடம் வேலை செய்தால் போதும் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நான்கு வருடக் கணக்கு சரிதான். ஆனால் ரெசிடென்ஸிக் காலம் அதில் கழியாது. எலும்பு அறுவைக்கு ஐந்து வருடப் பயிற்சி, அதற்குப் பிறகு நான்கு வருடம். பட்டம் வாங்கியதிலிருந்து ஒன்பது வருடம் சீருடையில் இருப்பீர்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் துறையை யார் முடிவு செய்கிறார்கள் என்பது. ரெசிடென்ஸி இடங்களை ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். நான்காம் ஆண்டில் நீங்கள் ராணுவ மேட்சுக்கு விண்ணப்பித்தே ஆகவேண்டும். முடிவு டிசம்பரில் வந்துவிடும். ராணுவம் சாராத மருத்துவமனைகளுக்கான பொது மேட்ச் மார்ச்சில்தான். ராணுவ இடம் கிடைத்துவிட்டால் பொது மேட்சிலிருந்து விலக வேண்டும். வெளி மருத்துவமனையில் ரெசிடென்ஸி முடித்துவிட்டு வர அனுமதியும் சிலருக்குக் கிடைக்கும். இரண்டும் இல்லாமல், வெறும் ஓராண்டு இன்டர்ன்ஷிப் மட்டும் கிடைப்பவர்களும் உண்டு. இதைத்தான் ஆள்சேர்ப்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இன்டர்ன்ஷிப் முடித்து மருத்துவ உரிமம் வாங்கியதும் பொது மருத்துவ அதிகாரியாக ஒரு படைப்பிரிவுக்கு அனுப்புவார்கள். கடற்படை என்றால் கப்பலாகவோ மரைன் பட்டாலியனாகவோ இருக்கலாம். இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்த வருடங்கள் உங்கள் நான்கில் கழியும், ஆனால் பிறகு ராணுவ ரெசிடென்ஸியில் சேர்ந்தால் அதற்கென்று புதிய கடமைக்காலம் ஏறும். அப்படிப் பணியாற்றித் திரும்புகிறவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு. எலும்பு அறுவைக்கு இடங்கள் குறைவு. நீங்கள் அவர்களோடும் போட்டியிட வேண்டும்.

அப்படியும் சேர்வதென்றால், படிக்கும்போது ஆண்டுக்கு 45 நாள் கிடைக்கும் ராணுவப் பணிக்காலத்தை வீணாக்காதீர்கள். நான்காம் ஆண்டில் அதை நீங்கள் விரும்பும் ராணுவ மருத்துவமனையின் எலும்புப் பிரிவிலேயே செய்யுங்கள்: சான் அன்டோனியோவின் புரூக், வால்டர் ரீட், மேடிகன், டிரிப்ளர். நேரில் பார்த்தவரையே பயிற்சி இயக்குநர்கள் நம்புவார்கள். அங்குள்ள ரெசிடென்ட்டிடம், அறுவைகளில் எத்தனை உள்ளே, எத்தனை வெளி மருத்துவமனையில் என்று கேளுங்கள். நோயாளிகளில் இளம் வீரர்கள் அதிகம் என்பதால் முழங்கால், தோள்பட்டைக் காயங்களுக்குக் குறைவிருக்காது. எலும்புப் புற்றுநோய், முதியவர்களின் இடுப்பு முறிவு போன்றவற்றுக்கு வெளியே போக வேண்டியிருக்கும். புரூக்கில் பொதுமக்களின் விபத்துச் சிகிச்சையும் நடப்பதால் அங்கே நிலைமை மேல். துறைச் சான்றிதழுக்கான போர்டு தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான், அதில் கவலை வேண்டாம்.

என் கருத்து இது. எலும்பு அறுவை இல்லாவிட்டால் மனம் உடைந்துவிடும் என்றால் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பொது மேட்சில் இடம் பிடித்த பிறகு ராணுவத்தின் எஃப்.ஏ.பி. என்ற நிதியுதவித் திட்டத்தில் சேரலாம். துறை அப்போதே உறுதியாகியிருக்கும், உதவி வாங்கிய வருடங்களோடு ஒரு வருடம் கூட்டிப் பணியாற்ற வேண்டும். ராணுவ மருத்துவராக இருப்பதே பிடித்திருக்கிறது, இரண்டு வருடம் கப்பலில் போனாலும் பரவாயில்லை என்றால் தயங்காமல் சேருங்கள். ரெசிடென்ஸியின்போது வெளியில் இருப்பவர்களைவிட நல்ல சம்பளமும் வரும்.

எந்தப் படை என்று முடிவு செய்வதற்கு முன், கடந்த சில வருடங்களில் எலும்பு அறுவைக்கு எத்தனை இடம், அதில் நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறை பற்றிய வாய்மொழி உறுதி எதுவும் ஒப்பந்தத்தில் இருக்காது.